மூளைக்கு வைத்த பொட்டு

மெக்கானிக் ஜபருல்லாவின் உள்ளங்கையில் அது புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை, கறுப்பாக, மூலை மழுங்கி, தவறி விழுந்தால் வாசல் மண்ணில் தேடி எடுக்கவே முடியாத ஒரு சில்லு, இத்தனூண்டுக்காகவா பாய் வண்டி நிக்குது என்று குணவதி கிட்டப் போய்க் கேட்கிறாள், கேட்ட பிறகுதான் தன் மூச்சே அதைப் பறக்கவிட்டுவிடுமோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், இதுதானுங்கக்கா என்கிறார் அவர், நீங்க வாங்கி வெச்சிருக்கற கம்ப்யூட்டரு வேற எதோ வண்டியில கழட்டுனது, அதுக்கு அந்த வண்டிச் சாவிக்குள்ள இருந்த இவனத்தான் தெரியும், நம்ம சாவியப் போட்டா நீ ஆருன்னு கேட்டுப்போட்டுப் பெட்ரோல நிறுத்திக்குது, அதான் சுத்துது, பத்த மாட்டேங்குது, இவனக் கொண்டுபோயி நம்ம சாவித் தொளைக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சுட்டா அது ஏமாந்துக்கும், ஏமாந்துக்குமுங்களா என்று அவள் கேட்க, ஏமாந்துக்கோணும் என்று சொல்லிவிட்டுக் கறுப்பு நாடாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார், ஐம்பத்தைந்து வயதில் சின்னப்பிள்ளை மாதிரி அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்க்கிறாள், ஒரு வருஷம், முழுசாக ஒரு வருஷம் கழித்து இன்றைக்கு வண்டி கிளம்பப் போகிறது, அதுவும் ஆயுத பூஜையன்று காலையில். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் பொங்கியண்ணன் அரைமணி நேரமாகப் பேப்பரில் ஒரே பக்கத்தைப் படிக்கிறார், அவருக்கும் பாய்க்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் எட்டடி தூரத்தில் நிற்கிற ஆளிடம் பேச அவருக்கு ஒரு மனைவி தேவைப்படுகிறது, டார்ச்சு வேணுமான்னு கேளு புள்ள என்கிறார், வேண்டாமுன்னு சொல்லுங்கக்கா என்கிறார் ஜபருல்லா, அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு எதையும் சொல்லவில்லை, இரண்டு பேருக்குமே காது நன்றாகக் கேட்கும்.

அந்தச் சில்லு இருந்த சாவி வாங்கிய கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது, நான்கு மாதமாகச் சாமி அலமாரியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, பூட்டுக்குள் போகாத சாவி எதற்கு, தூக்கி எறி என்றார் பொங்கியண்ணன், அவள் எறியவில்லை, வண்டி சம்பந்தப்பட்ட எதையும் அவளால் எறிய முடிந்ததில்லை, பதினேழு வருஷத்துக்கு முந்தி அது முதல் முதலாக இதே வாசலுக்கு வந்தபோது கிழிந்துபோன கால்மிதியைக்கூட அலசிக் காயவைத்தவள், கோயம்புத்தூரில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்த வண்டி, வெள்ளை, கதவைச் சாத்தினால் வெண்டைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அன்றைக்கு இதோ ஜபருல்லா முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தாடியில் ஒரு நரை இல்லை, இது ரேடியேட்டருங்கக்கா, இது பேட்டரி, பேட்டரிக்குப் பக்கத்துல டிபன் பாக்ஸாட்ட வெள்ளையா இருக்குது பாருங்க, இதாங்க கம்ப்யூட்டரு, இது சொன்னாத்தான் இன்ஜின் மூச்சு உடும், வண்டிக்கு மூளையே இதுதானுங்க, எட்டாவதோடு நின்றுபோன குணவதிக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது, ஒரு மூளை, அதுவும் அவள் வாசலில், அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோரையும் போல டயருக்குப் பொட்டு வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள், முன்கண்ணாடிக்கு வைத்தாள், மண்ணில் உருளுகிற டயருக்கு வைத்துவிட்டு மூளைக்கு வைக்காமல் விட்டால் அது என்ன நியாயம் என்று தோன்ற, மூடியைத் திறந்து அந்த வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் பெரிய வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், வயர்களெல்லாம் ஒன்றுகூடி உள்ளே நுழைகிற மூட்டில் கதவு நிலைக்கு அப்புகிற மாதிரி ஒரு உருண்டைச் சந்தனம் அப்பி, மேலே பன்னீர்ச் செம்பை நாலு தடவை உதறினாள், இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது, ஊரில் வேறு எந்த வண்டியின் மூளைக்கும் பொட்டு கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, வருஷம் தவறாமல் வைத்தாள், பெட்டி எங்கே இருக்கிறது என்று கை தானாகவே போகும்.

அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்கடுத்த வருஷம், பொங்கியண்ணனுக்கு வண்டி ஓட்ட வராது, வராது என்றால் பழகவே முடியவில்லை, கிளட்ச்சை மிதித்தால் கண்ணை மூடிக்கொள்வார், அதனால் நீ பழகு புள்ள என்று சாவியை அவள் கையில் கொடுத்தார், இதைச் சொன்னால் அவருக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஆனால் நடந்தது அதுதான், அவருடைய அண்ணன் தம்பிகள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள், பொம்பள கையில வண்டியக் குடுத்தா ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்குக் கெடுத்துப்போடுவா என்றார்கள், அவளோ பின் சீட்டை மடித்துவிட்டு, பட்டுப்புழு வளர்க்கிற மனையில் அறுத்த பட்டுக்கூடு எழுபது கிலோவை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டி, திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, கர்நாடகத்துக்குள் ராமநகரம் சந்தைக்குப் போய்க் கூட்டை ஏலம் விட்டுத் திரும்பினாள், மூட்டைக்குள் கூடுகள் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கும், ஒவ்வொரு வளைவிலும் அவளும் அவற்றோடு பேசிக்கொண்டு போவாள், பக்கத்தில் பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பார், பத்தொன்பதாவது வளைவில் ஒரு நாள் புகை, ஆவி, முன்னால் ஒன்றும் தெரியவில்லை, போன் போட்டால் ஜபருல்லா மைசூர் பஸ்ஸில் ஏறி, ரேடியேட்டர் குழாயைத் தோளில் மாலையாட்டம் மாட்டிக்கொண்டு அதே வளைவில் வந்து இறங்குகிறார், குரங்குகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன, நீ மனுசனா பாய், இல்ல எங்க கொலசாமியா என்று பொங்கியண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், அந்தக் கையை, அந்தக் கையைத்தான் போன வருஷம் அவர் அப்படிப் பேசினார்.

அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது சுடுகிறது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சந்தைக்கடை முனையில் பேட்டரி இறங்கி வண்டி நின்றுவிட்டது, ஜபருல்லா வந்து, அங்கே நின்ற லாரியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார், மறுநாள் பூஜை, அவள் வழக்கம்போல மூளைக்குச் சந்தனம் அப்பி, அன்றைக்கு என்னவோ மனசு நிறைந்திருந்ததால் செம்பில் மிச்சமிருந்த பன்னீர் முழுவதையும் அந்தப் பெட்டியின் தலையிலேயே ஊற்றினாள், விஜயதசமியன்று காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குக்கூட எரியவில்லை, செத்துப்போய்விட்டது, ஈரோட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, பெட்டியைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரு பொசுங்கிருச்சு என்றார், எதுனால என்று கேட்டதற்கு, கரண்டு ஏதும் அதிகமாப் போச்சுங்களா என்று அவர் கேட்ட ஒரே கேள்வி போதும், பொங்கியண்ணன் விறுவிறுவென்று ஜபருல்லாவின் பட்டறைக்கு நடந்தார், அவள் பின்னாலேயே ஓடினாள், பட்டறை வாசலில் ஏழெட்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பேர் முன்னாலும், லாரி பேட்டரிய வெச்சு என்ற வண்டி மூளையப் பொசுக்கிப்போட்டயே, பஞ்சர் ஒட்டிட்டு இருந்தவன நம்பி வண்டியக் குடுத்தது என்ற தப்பு என்றார், ஜபருல்லா பதினாறு வயதில் பஞ்சர் ஒட்டி மேலே வந்தவர், அது எல்லோருக்கும் தெரியும், அவரே பெருமையாகச் சொல்வதுதான், ஆனால் வேறொருவர் வாயிலிருந்து அப்படி வரக்கூடாது, அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, லாரில ரெண்டு பேட்டரி, நா வயர் போட்டது ஒண்ணுல இருந்து, அதும் காரு பேட்டரியும் ஒரே வோல்டுதானுங்கண்ணா என்று மட்டும் சொன்னார், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, வருஷா வருஷம் பூஜைப் பொரியும் கடலையும் முதலில் போகிற வீடு அவருடையது, அதோடு நின்றது.

அப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் அவளுக்கு நாள் கணக்குத் தெரியவில்லை, வண்டி வேப்பமரத்தடியில் இலை மூடிக் கிடக்கிறது, பட்டுக்கூடு வாடகை வேனில் போகிறது, அவளும் மூட்டைகளில் ஒரு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்து போகிறாள், தூக்கத்தில் அவள் கால் கிளட்ச்சை மிதிக்கிறது, இருபத்தேழு வளைவும் ஏறி முடித்துக் கண் விழித்தால் புழு மனையில் புழுக்கள் இலை தின்கிற சத்தம் மழையாட்டம் கேட்கிறது, மழையில் வண்டி நனையுமே என்று எழுந்து ஓடி, மழையே இல்லாத வாசலில் நிற்கிறாள். போகிக்கு வீட்டைத் துடைத்தபோதுதான் அது நடந்தது, பரண் மேல் ஜவுளிக்கடைப் பையில் கட்டி வைத்திருந்த, பொசுங்கிப்போன கம்ப்யூட்டர்ப் பெட்டியை இறக்கினாள், பை முடிச்சை அவிழ்த்ததும் சந்தன வாசம், பூஜை அறையிலிருந்து வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தாள், இல்லை, பெட்டியிலிருந்துதான், வயர் சொருகுகிற வாயைத் திருப்பிப் பார்த்தால் ஊசி ஊசியான கம்பிகளுக்கு நடுவில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், அதன் மேல் பச்சைக் களிம்பு, குங்குமச் சிவப்பு, ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பு வழியாகப் பதினாறு வருஷத்துப் பன்னீரும் உள்ளே இறங்கியிருக்கிறது, நான்கு கம்பிகள் அரித்தே போயிருந்தன, குணவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், லாரியும் இல்லை, பேட்டரியும் இல்லை, பாயும் இல்லை, அவள்தான், பார்த்துப் பார்த்து அவளே கொன்றிருக்கிறாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது மட்டுமா, பொங்கியண்ணனின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டி, துடைத்து, துணியைப் போகி நெருப்பில் போட்டாள், தப்பு ஒன்று, அதை மறைத்த தப்பு இன்னொன்று. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், மச்சாண்டார் கொழுந்தனார் எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்து, நாங்க அன்னைக்கே சொன்னமே, பொம்பள கையில வண்டி என்பார்கள், வண்டியை எடைக்குப் போடுவார்கள், ஸ்டியரிங் அவள் கையைவிட்டுப் போய்விடும், அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான், நகை இருக்கிறது, அதை யார் கேட்டார்கள். ஆனால் பட்டறைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்காராமல் உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள், ஒன்பது மாதம் அப்படித்தான் போனாள்.

பொங்கியண்ணன் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து ஒரு பழைய பெட்டி வாங்கி வந்தார், ஈரோட்டு ஆள் மாட்டினார், சுற்றியது, பற்றவில்லை, இது டூப்ளிகேட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை, போன வாரம் பொங்கியண்ணன், இனி எடைக்குத்தான் போடோணும் என்றார், அன்றைக்குச் சாயங்காலமே அவள் பட்டறைக்கு நடந்து போய் நின்றாள், வாங்கக்கா என்று ஜபருல்லா எழுந்தார், போன வருஷம் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், வண்டிய வந்து பாருங்க பாய் என்றாள், அண்ணன் கூப்புட்டாருங்களா என்று கேட்டார், ஆமாங்க என்று பொய் சொன்னாள், பொய் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்தே வந்திருக்கிறார், இதோ அரை மணி நேரத்துக்கு முன்னால் பெட்டியை ஒருமுறை கழற்றி, வண்டிப் பக்கத்து வயர் முனையை எடுத்து, வெள்ளைத் துணியில் எதையோ தெளித்து உள்ளே விட்டுத் திருகினார், துணி மஞ்சளாக வந்தது, பெட்டியை மட்டும் சுரண்டியவளுக்கு வயரில் ஒரு முனை இருக்கிறது என்று தோன்றவில்லை, அவர் அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனார், ஒரு நொடி, நிமிர்ந்து அவளைப் பார்த்தார், துணியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், என்ன அது என்று பொங்கியண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து நேராகவே கேட்டுவிட்டார், ஒரு வருஷத்தில் முதல் பேச்சு, துருதானுங்கண்ணா என்றார் ஜபருல்லா. பாய்க்குத் தெரிந்துவிட்டது, இல்லை, இவருக்கு எப்போதோ தெரியும், பதினேழு வருஷமாக மூடியைத் திறந்து வேலை பார்க்கிறவருக்கு அந்தப் பொட்டு தெரியாமலா இருந்திருக்கும்.

இப்போது சில்லு சாவித் துளைக்குப் பக்கத்தில் நாடாவுக்குள் ஒளிந்திருக்கிறது, உட்காருங்கக்கா, நீங்களே போடுங்க என்கிறார் ஜபருல்லா, சீட்டில் அவள் உடம்பு பதிந்த இடம் அப்படியே குழிந்திருக்கிறது, கால் மூன்று மிதிகளையும் தேடிப் போய்க் கண்டுகொள்கிறது, சாவியை ஒரு கட்டம் திருப்பினாள், சாவி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது, நான்கு மாதமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்த விளக்கு இன்றைக்குச் சிமிட்டவில்லை, நின்று எரிந்து, அணைந்தது, அணஞ்சிருச்சு பாய் என்று அவள் குரல் கீச்சென்று போகிறது, அடிங்கக்கா என்கிறார், அவர் குரலும் சரியாக இல்லை, திருப்பினாள், கறகறவென்று சுற்றியது, சுற்றியது, ஒரு இருமல், இன்னொன்று, பிறகு பிடித்துக்கொண்டது, வண்டி முழுவதும் ஒருமுறை குலுங்கி, வேப்பிலைகள் கண்ணாடியிலிருந்து சரிந்து விழ, புகைக் குழாயில் ஒரு வருஷத்துத் தூசி வெளியே வர, இன்ஜின் ஓடுகிறது, ஓடியேவிட்டது, அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் நீர் வருவதும் தெரியவில்லை, பொங்கியண்ணன் பேப்பரைக் காற்றில் விட்டுவிட்டு ஓடி வருகிறார், செருப்பு ஒன்று நாற்காலிக்கடியிலேயே நிற்கிறது, பாய், ஓடுது பாய் என்று அவர் ஜபருல்லாவின் தோளைப் பிடித்து உலுக்க, ஓடுதுங்கண்ணா என்று அவரும் சிரிக்க, ஒரு நிமிஷம் மூன்று பேரும் திம்பத்தில் பத்தொன்பதாவது வளைவில் நிற்கிறார்கள், குரங்குகள் மட்டும்தான் இல்லை.

அப்போது பொங்கியண்ணன் பெருந்தன்மையாக ஒன்று சொன்னார், போனது போச்சு பாய், மனுசன்னா தப்பு நடக்கறதுதான், நீ லாரி பேட்டரி வெச்சத நா மறந்துட்டேன் என்றார், ஜபருல்லாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கி, சரிங்கண்ணா என்று தலையாட்டினார், செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் அந்தத் துணியோடு சேர்த்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான், முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது, வண்டி ஓடுகிறது, இரண்டு பேரும் பேசிவிட்டார்கள், அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு சேதாரமும் இல்லாமல் கரையேறிவிடலாம், அவளுக்கு அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். பொங்கியண்ணன் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர்ச் செம்பையும் எடுத்து வந்தார், இந்தா புள்ள, மொதப் பொட்டு மூளைக்கு வெய்யி என்று நீட்டினார், அவள் இறங்கிக் கிண்ணத்தை வாங்கினாள், ஜபருல்லா சட்டென்று முன்னால் வந்து அந்தப் பெட்டியின் மேல் கையை விரித்து வைத்தார், வேண்டாமுங்கக்கா, சூடா இருக்குது என்றார், ஒரு நிமிசத்துல என்ன சூடு என்றார் பொங்கியண்ணன், பாய் கையை எடுக்கவில்லை, பெட்ரோலும் கிரீசும் ஊறிய அந்தக் கையை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே கிண்ணத்தை மண்ணில் வைத்தாள், நாந்தாங்க என்றாள், என்ன நீதான் என்றார் அவர், கம்ப்யூட்டரு போனது என்னாலதாங்க, லாரி பேட்டரியினால இல்ல, நா வெச்ச சந்தனமும் ஊத்துன பன்னீருந்தான் உள்ள எறங்கி அரிச்சுப்போட்டுது, போகி அன்னைக்கே எனக்குத் தெரியும், சுரண்டி எடுத்துத் தீயில போட்டுட்டு உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன், பாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க, நம்பாட்டி அவரு சட்டைப் பையில துணி இருக்குது, மோந்து பாருங்க.

பொங்கியண்ணன் அவளைப் பார்க்காமல் ஜபருல்லாவைப் பார்த்தார், உனக்குத் தெரியுமா என்றார், அவர் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார், அன்னைக்கே தெரியுமுங்கண்ணா, வண்டி நின்னுபோச்சுன்னு கேட்டதுமே தெரியும், அப்பறம் ஏய்யா சொல்லல, அத்தன பேரு முன்னால நா அந்தப் பேச்சுப் பேசறேன், கேட்டுட்டு நின்னயே, சாமி காரியமுங்கண்ணா என்றார் ஜபருல்லா, அக்கா பக்தியா வெக்கற பொட்டு, அதனாலதான் வண்டி போச்சுன்னு நா ஒருத்தன் எப்பிடிங்க சொல்றது, வெய்க்காதீங்கன்னு பதினேழு வருசமா வாய் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுப் போயிருக்குது, சொல்லாதது என்ற தப்புத்தானுங்க. பொங்கியண்ணனின் முகம் அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு நிறத்துக்குப் போனது, இப்போது வரப்போகிறது, பொம்பள கையில வண்டி என்று, அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவர் நாற்காலிக்கடியில் போய் ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின் கதவைத் திறந்து ஏறினார், ஏறு பாய், முன்னால உக்காரு என்றார், எங்கீங்கண்ணா, பட்டறைக்கு, எதுக்குங்க, ஏறுன்னா ஏறு, நீ என்ன புள்ள பார்த்துட்டு நிக்கற, உன்னைய உட்டா வண்டிய ஆரு ஓட்டறது, நானா.

சத்தி ரோட்டில் ஏறியதும் மூன்றாவது கியர் எப்போதும் போலக் கொஞ்சம் முரண்டு பிடித்து விழுந்தது, அவளுக்கு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, பக்கத்தில் ஜபருல்லா இன்ஜின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தபடி வருகிறார், கண்ணாடியில் பொங்கியண்ணன் தெரிகிறார், இன்றைக்குக் கண்ணை மூடவில்லை, பட்டறையில் மாவிலைத் தோரணம், போன வருஷத்து டிரைவர்களில் பாதிப் பேர் பூஜைக்கு வண்டியைக் கழுவிக்கொண்டு நிற்கிறார்கள், யாரோ டீ கொண்டுவருகிறார்கள், அவள் நிறுத்துவதற்குள் பொங்கியண்ணன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார், எங்கே நின்று பேசினாரோ அதே இடத்தில் போய் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார், குணவதி இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏனப்பா, போன வருசம் நா இந்தப் பாயப் பேசுனத உங்கள்ல ஆரெல்லாம் கேட்டீங்களோ, அவங்கெல்லாம் சித்த இப்பிடிப் பக்கத்துல வாங்க என்றார்.